உங்கள் தெருவுக்கு வடிகாலும் சாலையும் வர வேண்டுமா? ஊராட்சியில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு வடிகாலும் சிமெண்ட் சாலையும் கொண்டுவர நாங்கள் சில பேர் சேர்ந்து நிறைய அலைந்தோம். கடைசியில் வேலை நடந்தது. ஆனால் எந்தத் தாளை எந்த மேசையில் எந்த மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் பிடித்த காலம் மிக அதிகம், ஒவ்வோர் அலுவலகத்திலும் "இது இங்க இல்ல, அங்க போய்க் கேளுங்க" என்பதுதான் பதிலாக இருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளது தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் பொருந்தும், பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் வழி வேறு.

முதலிலேயே ஒன்று: மனு கொடுப்பதற்கோ, தீர்மானம் போடுவதற்கோ, பொறியாளர் வந்து அளப்பதற்கோ எங்கேயும் கட்டணம் கிடையாது. யாராவது "எஸ்டிமேட்டுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். உங்கள் செலவெல்லாம் ஜெராக்ஸ், தபால், பஸ் டிக்கெட், தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய், அவ்வளவுதான்.

1. அந்த இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

பாதி மனுக்கள் தூங்குவது இங்கேதான். ஊருக்குள் இருக்கிற எல்லாச் சாலையும் ஊராட்சிச் சாலை இல்லை. தெருக்களும் சின்னச் சாலைகளும் கிராம ஊராட்சியுடையவை, ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துடையது, பஸ் போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு ஊராட்சித் தலைவரிடம் எத்தனை மனு கொடுத்தாலும் அவரால் ஒரு சட்டி ஜல்லிகூடப் போட முடியாது. ஊராட்சி அலுவலகத்தில் சாலைகளின் பதிவேடு இருக்கும், அதில் உங்கள் தெரு இருக்கிறதா என்று ஊராட்சி செயலரிடம் கேளுங்கள்.

அடுத்தது நிலம். அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரத்தை, அதாவது நிலம் யாருடையது, என்ன வகை என்ற வருவாய்த் துறைப் பதிவை, காசில்லாமல் பார்க்கலாம். தெரு 'அரசு புறம்போக்கு', 'வண்டிப்பாதை', 'கிராம நத்தம்' என்ற மாதிரி இருந்தால் நல்லது. யாருடைய பட்டாவிலாவது வருகிறது என்றால் பொதுப் பணத்தில் அங்கே சாலை போட மாட்டார்கள், போட்டாலும் நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போவார்கள். அந்த நிலத்துக்காரர் ஊராட்சியின் பெயரில் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் வழி பிறக்கும். 'எங்க தாத்தா காலத்துல இருந்து இதுதான் பாதை' என்ற பேச்சு அலுவலகத்தில் எடுபடாது.

நிலம் 'ஓடை', 'வாய்க்கால்', 'ஏரி' என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் சாலை கேட்காதீர்கள், அதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். படிக்கட்டு, குளியலறைச் சுவர், மாட்டுக்கொட்டகை என்று தெரு நெடுக நீண்டிருக்கும். புலப்பட வரைபடத்தில் தெருவின் அகலம் ஒன்று, தரையில் இருப்பது வேறாக இருக்கும். இதை ஒப்பந்ததாரர் வந்து நிற்கும் நாளில் பேசினால் சண்டை, இப்போதே வீடு வீடாகப் போய்ப் பேசினால் "சரி மாமா, எடுத்துடறேன்" என்று பலரும் எடுத்துவிடுவார்கள்.

2. தண்ணீர் எங்கே போய் முடியும்?

வடிகால் கேட்கிறவர்கள் இதை யோசிக்காமலேயே கேட்கிறார்கள். வாய்க்கால் கட்டுவது சுலபம், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் பிரச்சினை. ஊர்க் குளத்தில் விட்டால் குளம் நாசம். அடுத்தவர் வயலில் விட்டால் பகை. கடைசியில் பெரிய உறிஞ்சிக் குழி (கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் குழி) வைக்க இடம் இருக்கிறதா, வீட்டுக்கு வீடு சின்ன உறிஞ்சிக் குழி போட முடியுமா, ஏற்கெனவே இருக்கிற பெரிய வடிகாலில் சேர்க்க முடியுமா என்று தெருக்காரர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவோடு போனால் பொறியாளரின் வேலை பாதி முடிந்த மாதிரி. களிமண் நிலத்தில் உறிஞ்சிக் குழி சரியாக வேலை செய்யாது, அதையும் மனதில் வையுங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் குடிநீர்க் குழாய், பிறகு வடிகால், கடைசியில்தான் சாலை. சாலையைப் போட்டு முடித்ததும் குழாய்க்காகத் தோண்டிய தெருக்கள் தமிழ்நாட்டில் எத்தனை எத்தனை! வீட்டுக் குழாய் இணைப்பு பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுச் சாலை கேளுங்கள்.

3. எந்தப் பணத்தில் நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஃபண்ட் இல்லை" என்று சொல்வார்கள். எந்த ஃபண்ட் இல்லை என்று கேளுங்கள், ஏனென்றால் பணம் பல வாசல் வழியாக வருகிறது. வீட்டுவரி போன்ற ஊராட்சியின் சொந்த வருமானம், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், அப்புறம் அந்தந்த நேரத்து மாநிலத் திட்டங்கள்.

பதினைந்தாவது மத்திய நிதிக்குழுவின் மானியம் 2021-22 முதல் 2025-26 வரைக்கானது. அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டிவைத்திருந்தார்கள், மிச்சம் 40 சதவீதம்தான் ஊராட்சியின் மற்றத் தேவைகளுக்கு. இதனால் என்ன பயன் என்றால், கழிவுநீர் வெளியேற்றமும் உறிஞ்சிக் குழியும் அந்த 60-இன் பக்கம் கேட்கக்கூடியவை, சாலை அப்படி இல்லை. ஆகவே வடிகாலையும் சாலையையும் ஒரே வேலையாகக் கேட்காமல் இரண்டு தனி வேலைகளாகக் கேளுங்கள். ஒன்றுக்குப் பணம் இல்லையென்றால் மற்றதும் சேர்ந்து படுக்காது. 2026-27 தொடங்கிப் புதிய நிதிக்குழுக் காலம் என்பதால் அதற்கான பிரிப்பை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. பெரிய தொகையாகத் தெரியும், ஆனால் தொகுதி முழுக்கப் பங்கு போட வேண்டிய பணம் அது. ஊராட்சியால் தாங்க முடியாத வேலை என்றால் மட்டும் அங்கே போங்கள், கையில் கிராம சபைத் தீர்மான நகலோடு போங்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பங்கு போட முடியுமென்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும். வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிற ஊர்க்காரர்கள் உள்ள ஊருக்கு இது நல்ல வழி, கூலி வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் இருக்கிற தெருவில் இதைத் திணிக்காதீர்கள், அடிப்படை வசதி அவர்களுக்கு உரிமை.

4. மனு எழுதுவது

ஒரு பக்கம் போதும். ஊராட்சித் தலைவர் பெயருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர் உண்டு, ஒருவர் வட்டார ஊராட்சிக்கு (அதாவது ஊராட்சி ஒன்றியத்துக்கு), இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்களுக்கு வேண்டியவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர். மேலே பதவியை முழுதாக எழுதாவிட்டால் மனு அடுத்த அறைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

இணைக்க வேண்டியவை: 'அ' பதிவேட்டு விவரம், தெருவின் கையால் வரைந்த படம், அளவுகள், மழை நேரத்தில் எடுத்த நான்கைந்து புகைப்படங்கள், தெருக்காரர்களின் கையெழுத்து (வீட்டுக் கதவு எண்ணோடு). வீட்டுவரி ரசீதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரி பாக்கிக்கும் சாலைக்கும் சட்டப்படி தொடர்பு இல்லை என்றாலும், "முதல்ல வரியக் கட்டுங்க" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காமல் இருப்பது நல்லது.

நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் தகராறு வேண்டாம், அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள். தேதி இல்லாத மனு, கொடுக்காத மனு.

5. கிராம சபை: எல்லாம் இங்கேதான்

மனு வேண்டுகோள், தீர்மானம் பதிவு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில சமயம் தேதி தள்ளிப்போவதுண்டு, அறிவிப்பைப் பாருங்கள். இந்த ஆறில் நீங்கள் குறி வைக்க வேண்டியது அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகிற காலம் அதுதான். மார்ச்சில் போய்க் கேட்டால் "திட்டம் போட்டாச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள், அதில் பொய்யும் இருக்காது. ஆடி மாதத்திலேயே அளவு, படம், மனு எல்லாம் தயார் செய்துவிட்டால் அக்டோபருக்குச் சரியாக இருக்கும்.

ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். சென்னையிலோ திருப்பூரிலோ ஓட்டை மாற்றிக்கொண்டு போனவர்கள் வந்து பேசினால் அதை வைத்தே கோரிக்கையைத் தள்ளிவிட வாய்ப்புண்டு, ஊரில் ஓட்டு உள்ளவரைப் பேச வையுங்கள். பெண்கள் பேசினால் இன்னும் நல்லது, சாக்கடைத் தண்ணீரைத் தாண்டிக் குடம் தூக்குகிறவர்கள் அவர்கள்தான்.

குறைவெண் (கோரம்), அதாவது கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தைப் பிறகு யாரும் கேள்வி கேட்கலாம். ஆகவே உங்கள் தெருவில் இருந்து வீட்டுக்கு ஒருவராவது வந்து உட்காருங்கள். பல ஊரில் நூறு நாள் வேலைக்காரர்களை உட்கார வைத்துத்தான் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "அடிப்படை வசதிகள் செய்து தர ஆவன செய்யலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். அதில் ஒன்றுமே இல்லை. இப்படி இருக்க வேண்டும்: "இன்ன வார்டு, இன்ன தெரு, புல எண் இன்னது, ரேஷன் கடை முனையில் தொடங்கி மேல்நிலைத் தொட்டி வரை 180 மீட்டர் நீளத்துக்கு வடிகாலும், அதன் பின் 3 மீட்டர் அகலத்தில் சிமெண்ட் சாலையும் அமைக்கவும், இவ்விரு பணிகளையும் இன்ன ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் தனித்தனியே சேர்க்கவும் தீர்மானிக்கப்பட்டது." இடம், அளவு, ஆண்டு மூன்றும் இருந்தால்தான் பின்னால் பிடிக்க முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள். வெற்றுத் தாளில், அல்லது தீர்மானம் எழுதும் முன்பே, "அண்ணே, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று நோட்டை நீட்டினால் போடாதீர்கள். உங்கள் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கீழே கையெழுத்திடுங்கள். அப்புறம், கூட்டம் கலையும் முன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் வரவு செலவையும் அன்றைக்குக் கூட்டத்தில் வைக்க வேண்டும், அதையும் படம் எடுங்கள். "ஃபண்ட் இல்லை" என்ற பதிலுக்கு அதுதான் பதில்.

தலைவர் இல்லாத ஊராட்சி என்றால்? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் கிராம சபை நடக்கும், தீர்மானமும் செல்லும். மனுவில் 'தலைவர்' என்ற இடத்தில் 'தனி அலுவலர்' என்று எழுதுங்கள், அதுதான் வித்தியாசம்.

6. எஸ்டிமேட், அனுமதி, டெண்டர்

தீர்மானத்துக்குப் பிறகு ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர் அல்லது உதவிப் பொறியாளர் வந்து அளப்பார். அவர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறவர், தானாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம், ஊராட்சி செயலர் மூலம் நாள் கேட்டு வாங்குங்கள். அளக்கும்போது கூடவே நில்லுங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வீட்டு வாசல் பள்ளம், எங்கே மின்கம்பம் நடுவில் நிற்கிறது என்பது தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். மின்கம்பத்தை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை, அதற்குத் தனியாக விண்ணப்பம், தனியாகப் பணம். எஸ்டிமேட்டில் அது விட்டுப்போனால் கம்பத்தைச் சுற்றிச் சாலை வளைந்து போகும்.

பிறகு நிர்வாக அனுமதி (வேலைக்கும் செலவுக்கும் ஒப்புதல்), தொழில்நுட்ப அனுமதி (எஸ்டிமேட்டுக்குப் பொறியாளரின் ஒப்புதல்), டெண்டர், பணி ஆணை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று மட்டும் மாதம் ஒரு முறை கேளுங்கள். "பார்த்துட்டு இருக்கோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாமல், நிர்வாக அனுமதி எண் என்ன, தேதி என்ன என்று கேளுங்கள். எண் இருந்தால் வேலை இருக்கிறது.

காலத்தில் மூன்று தடைகள். தேர்தல் அறிவித்தால் நடத்தை விதிமுறை வந்துவிடும், புதுப் பணி தொடங்காது, ஏற்கெனவே தொடங்கிய பணி மட்டும் தொடரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கான்கிரீட் போட விடாதீர்கள். மார்ச் கடைசியில் நிதியாண்டை முடிக்க அவசர அவசரமாகப் போடுவார்கள், அப்போது இரட்டைக் கவனம் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: ஊராட்சிக் கணக்கில் இருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் பில் நிற்கும், பில் நின்றால் ஒப்பந்ததாரர் நிற்பார். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய இடம் இது, முடியாவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் எழுதுங்கள்.

7. வேலை நடக்கும் நாட்களில்

பணி விவரப் பலகையைப் படம் எடுங்கள்: திட்டத்தின் பெயர், மதிப்பீடு, தொடங்கிய தேதி. எஸ்டிமேட்டின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

கணக்கு எளிது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எஸ்டிமேட்டில் இருந்தால் கான்கிரீட் 45 கன மீட்டர் வர வேண்டும். கனம் 10 ஆனால் 30 கன மீட்டர்தான், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கான்கிரீட் கொட்டும் முன் பக்கப் பலகையின் உயரத்தை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள், ஓரத்தில் மட்டும் ஆழமாக வைத்து நடுவில் மண்ணை மேடாக விட்டிருக்கிறார்களா என்று நூல் கட்டிப் பாருங்கள்.

சாலை மட்டம் வீட்டு வாசலைவிட உயர்ந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள்தான். பழைய சாலை மேலேயே புதுசு போட வந்தால், முதலில் தோண்டி எடுக்கச் சொல்லி அதை எழுத்தில் கொடுங்கள். வடிகாலில் மூடி போடும் முன் மேல் முனையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழ் முனைக்கு வந்து சேராமல் நடுவில் நின்றால் வாட்டம் (சரிவு) சரியில்லை. மூடி போட்ட பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை.

கான்கிரீட் போட்ட மறுநாள் முதல் ஒரு வாரமாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஒப்பந்ததாரர் ஆள் வரவில்லை என்றால் தெருக்காரர்களே முறை வைத்து ஊற்றுங்கள், அது நம் சாலை. டிராக்டரையும் கொஞ்ச நாள் விடாதீர்கள்.

குறை தெரிந்தால் மேஸ்திரியோடு சண்டை போட வேண்டாம், அவர் கூலிக்கு வந்தவர். படத்தோடு உதவிப் பொறியாளருக்கு அன்றைக்கே எழுதுங்கள். பில் போட அளவுப் புத்தகத்தில் அளவை எழுதுபவர்கள் பொறியாளர்கள்தான், உங்கள் கடிதம் அதற்கு முன் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

8. ஒன்றும் நகரவில்லை என்றால்

முதலில் 1100, முதல்வரின் முகவரித் துறையின் உதவி எண். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். இரண்டு வழியிலும் மனு சுற்றிக் கடைசியில் அதே வட்டார வளர்ச்சி அலுவலருக்குத்தான் வரும், ஆனால் இந்த முறை மேலே பதில் சொல்ல வேண்டிய கடமையோடு வரும். "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று எழுதி முடித்துவிட்டால் அதை ஏற்காமல், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கொடுங்கள்.

அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், ஆன்லைனிலும் அனுப்பலாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பிரிவு 6(3)-இன்படி அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்காதீர்கள், 'ஏன்' கேள்விக்குப் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: இன்ன தேதி கிராம சபைத் தீர்மான நகல், இன்ன ஆண்டின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்த பணிகளின் பட்டியல், என் மனு மீது எழுதிய அலுவலகக் குறிப்பின் நகல், வேலை நடந்திருந்தால் எஸ்டிமேட்டும் அளவுப் புத்தகப் பக்கங்களும். பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காலம் பிடிக்கும், அதற்காக அடுத்த கிராம சபையை விட்டுவிடாதீர்கள், அங்கே போய் 'போன தீர்மானம் என்ன ஆனது?' என்று கேட்டு அந்தக் கேள்வியையும் பதிலையும் நோட்டில் எழுத வையுங்கள்.